உட்காரச் சொல்லாத சுரக்கூட்டு

வேலூர்,
9 ஜனவரி 1978

அன்புள்ள கிரேஸிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். உன் உடம்பு என்றைக்கும் உன் பேச்சைக் கேட்கும். என் முழங்காலைப் பற்றி விசாரிப்பவர்களிடம் அதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடு. கனகராஜ் ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை பார்ப்பவன். பெற்ற தாயின் முழங்காலை டாக்டர்களுக்குக் காட்டுவதைத் தன் உத்தியோகத்தோடு கிடைத்த சலுகையாக நினைக்கிறான். படிக்கட்டு இல்லாத வீடு என்பதற்காக என்னை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறான். ஈஸ்டர் முடிந்ததும் ஆம்பூருக்குத் திரும்பிவிடுவேன்.

கோயில் ஆர்கனைப் பூட்டிச் சாவியை உன்னிடம் கொடுத்தது நீ எதையும் தொலைக்காதவள் என்பதற்காக. வேறு காரணம் இல்லை. திறக்காதே. வாரம் ஒருமுறை மேல்துணியை உதறிப் போடு. தோல் துருத்தியில் எலி புகாமல் பார்த்துக்கொள். நம்மூர் எலிகளுக்குத் தோலின் ருசி பரம்பரையாகத் தெரியும். நாற்காலியின் உயரத்தை யாரும் திருகக் கூடாது. அது என் கால் நீளத்துக்கு நான் பார்த்துப் பார்த்து வைத்த உயரம்.

நான் வரும்வரை சபையார் வாத்தியம் இல்லாமல் பாடட்டும். இல்லாதபோதுதான் இருந்ததன் அருமை தெரியும்.

அன்புடன்,
அக்கா ஜெயபுஷ்பம்


ஆம்பூர்,
6 பிப்ரவரி 1978

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

உங்கள் ஜெபத்தால் சுகமாக இருக்கிறேன். முழங்காலுக்கு ஒன்றுமில்லை என்று படித்துச் சந்தோஷப்பட்டேன். கனகராஜ் எழுதிய கடிதத்தில் வேறு மாதிரி இருந்தது. அவன் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மறைத்தாலும் போதகர் ஐசக் முந்திக்கொண்டு எழுதிவிடுவார். ஆர்கனைத் திறந்துவிட்டேன். வாத்தியம் இல்லாமல் சில ஞாயிறுகள் ஓடின. பாட்டு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் இறங்கி, முடியும்போது கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிட்டது. போதகர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "சாவி உங்ககிட்டதானே இருக்கு, கிரேஸியம்மா? இத்தனை வருஷமா அக்கா பக்கத்துல உக்காந்து பக்கம் திருப்பினீங்களே, கொஞ்சமாவது ஒட்டியிருக்காதா?" என்றார்.

ஒட்டியிருந்தது, அக்கா. மூன்று சுரக்கூட்டுகள் கைக்கு வந்தன. பாட்டுக்கு முன்னால் ஐந்தாம் கூட்டை அழுத்தி நீங்கள் சபையை எழுப்புவீர்களே, முடிவில் முதலாவதை அழுத்தி உட்காரவைப்பீர்களே, அதையும் செய்தேன். திருப்பத்தூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்கள், "இந்த ஊர்ல மட்டும் பெட்டி சொன்னாதான் உக்காருவாங்க" என்று சிரிப்பார்களே, அவர்கள்கூட எழுந்தார்கள். என் கைக்கு எழுந்தார்கள்!

ஆராதனை முடிந்ததும் பூங்காவனம் வந்து, "உங்கக்கா வாசிச்சா பரீட்சை எழுதற மாதிரி இருக்கும்மா. நீ வாசிச்சா நம்ம வூட்ல பாடற மாதிரி கீது" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் நாற்காலியைத் திருகவில்லை. எனக்கு அது உயரம். விளிம்பில் உட்கார்ந்து எட்டி எட்டி மிதிக்கிறேன்.

உங்கள் தங்கை,
கிரேஸி


வேலூர்,
9 பிப்ரவரி 1978

அன்புள்ள கிரேஸிக்கு,

நலம். முழங்காலும் நலம். உன் கடிதம் நேற்றுப் பிற்பகல் வந்தது. இன்றே பதில் எழுதுவது அவசரத்தால் அல்ல. நாளை எனக்கு வேறு வேலை இருக்கிறது.

மூன்று கூட்டுகள் கைக்கு வந்ததாக எழுதியிருக்கிறாய். விரல்கள் மூன்று இடங்களைக் கண்டுபிடித்தன என்பதே சரி. சுரக்கூட்டு என்பது மூன்று சுரங்களைச் சேர்த்து அழுத்துவது மட்டும் அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலை தனக்குள் இல்லை. தனக்கு முன்னும் பின்னும் வருவதில் இருக்கிறது.

ஸ க ப, முதலாம் கூட்டு. இது வீடு. இங்கே யாருக்கும் எதுவும் வேண்டியிருக்காது. ம த ஸ, நாலாம் கூட்டு. வெளியே வந்தாயிற்று, ஆனால் அவசரம் இல்லை. கடைத்தெருவில் நின்று பேசலாம். ப நி ரி, ஐந்தாம் கூட்டு. இதற்குள் இருக்கும் நி, ஸ-வின் வாசற்படியில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருக்கும் சுரம். தோல் பதனிடும் ஷாப்பில் சாப்பாட்டுச் சங்கு ஊதிய பிறகு எவனாவது வேலையில் கை வைப்பானா? வீட்டுக்குப் போனால்தான் தீரும். ஐந்தாவதால் நான் சபையை எழுப்பியது, எழுந்தவர்களுக்கு ஒரு காரியம் பாக்கி இருக்கிறது என்று அது சொல்லும் என்பதால்தான். முதலாவதால் உட்காரவைத்தேன், அங்கே காரியம் தீர்ந்துவிடுகிறது. நான் செய்தது இலக்கணம். நீ செய்தது பழக்கம்.

ஆறாம் கூட்டைப் பற்றி உனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆயினும் தொடங்கியதை முடிக்கிறேன். த ஸ க. முதலாம் கூட்டின் மூன்று சுரங்களில் இரண்டு இதிலும் இருக்கின்றன. ப இருந்த இடத்தில் த வந்து குடியேறியிருக்கிறது, அவ்வளவே. ஐந்தாவதுக்குப் பிறகு காது வீட்டை எதிர்பார்க்கும் நேரத்தில் இதை வைத்தால், பாடுகிறவர் ஸ-விலேயே நிற்பார். காலடியில் தரை மாறியிருக்கும். தன் வீடு என்று நினைத்து அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியவனின் நிலைமை. நடுவில் வைத்தால் அழகு. சபைப் பாட்டின் கடைசிச் சொல்லில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அதிலும் நம் சபையில் கூடவே கூடாது. உட்காரப் போனவர்கள் பாதியில் தொங்குவார்கள்; வாசித்தவளைப் பார்த்து ஊர் சிரிக்கும்.

பூங்காவனத்திடம் சொல்: பரீட்சை எதிலாவது தேறியிருந்தால் அவளுக்கு அந்தப் பயம் வந்திருக்காது.

ஈஸ்டருக்குப் பிறகு பார்ப்போம்.

அக்கா ஜெயபுஷ்பம்


ஆம்பூர்,
29 மார்ச் 1978

பிரியமான அக்காவுக்கு, உயிர்த்தெழுந்த ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள்.

இங்கே வெயில் ஜாஸ்தி, தண்ணீர் கம்மி, மற்றபடி சுகம். நீங்கள் வருவீர்கள் என்று அறையைக் கழுவி, கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டு வைத்திருந்தேன். முழங்கால் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்ததால் கனகராஜுக்குத்தான் லீவு கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கூட்டு, கூட்டு என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்குப் பூசணிக்காய் வாசம் வருகிறது. ஆனால் விஷயம் புரிந்தது. ஈஸ்டர் பாட்டில் வீட்டுக்கும் சங்குக்கும் நடுவில் கடைத்தெருவையும் சேர்த்துக்கொண்டேன். கோயிலுக்குப் பின்வீட்டு அக்தர் பானு மதில்மேல் தலையை நீட்டி, "இன்னா கிரேஸிம்மா, எழுப்பறீங்க, உக்கார வைக்கறீங்க, அந்தப் பெட்டிக்கு பேஜார் ஆவாதா? நேத்து ரெண்டாவது பாட்டு மட்டும் ரொம்ப ஷோக்கா இருந்துச்சு, இன்னொரு தபா வாசிங்க" என்றாள். வாசித்தேன்.

ஒரு வேண்டுகோள். நம் சபைக்கு அக்டோபரில் நூறு வயது ஆகிறது. போதகர் ஒரு பாட்டு எழுதி, மெட்டும் போட்டிருக்கிறார். கடைசி வரி, "நூறாண்டும் நடத்தினீர், இன்னும் நடத்துவீர்." இதற்கு நாலு குரலுக்கும் கூட்டு அமைத்துத் தர உங்களை விட்டால் யார் என்கிறார். பாட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புள்ள தங்கை,
கிரேஸி


வேலூர்,
3 ஏப்ரல் 1978

அன்புள்ள கிரேஸிக்கு,

நலமே.

அக்தர் பானுவின் மதில் என்னிடம் முப்பது வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் வாசித்த காலத்தில் அவளுக்குக் காது கேளாமல் இருந்ததோ என்னவோ.

போதகரின் மெட்டு எளியது. மூன்றாம் வரியில் மட்டும் தன்னை மறந்து மேலே போய் இறங்கத் தெரியாமல் நிற்கிறார், இறக்கிவிடுகிறேன். கூட்டு அமைத்துத் தருவேன் என்று சொல். அக்டோபரில் நானே வந்து வாசிப்பேன் என்பதையும் சொல். நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நாளில், கேள்வி ஞானத்தை உட்காரவைத்து ஊரைக் கூட்டுவது முறையல்ல. இது உன்னைக் குறைத்துச் சொல்வது ஆகாது. நீயே இப்படித்தான் நினைப்பாய்.

நாற்காலி இன்னும் என் உயரத்தில் இருக்கிறதா என்று எழுது. போதகர் என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அக்கா ஜெயபுஷ்பம்


ஆம்பூர்,
19 ஜூன் 1978

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோடை முழுவதும் தண்ணீருக்கே ஓடினேன். பாலாற்று மணலில் ஊற்று தோண்டினால், கீழே தண்ணீர் வருவதற்கு முன் தோல் ஷாப்பு வாடை வருகிறது. அக்தர் பானுவின் மகள் ஃபரீதாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பேரணாம்பட்டு. பெண் வீட்டை விட்டுப் புறப்படும்போது அக்தர் பானு அழுத அழுகையில் எனக்கும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு மகளே மூன்றாம் நாள் வந்து அம்மாவைத் திட்டிவிட்டு மிச்சமிருந்த பலகாரத்தை எடுத்துக்கொண்டு போனாள். மழை ஒன்று பெய்தது. கோயில் கூரையில் ஆர்கனுக்கு நேர் மேலே ஒழுகியது. கோயிலைப் பெருக்கும் துரைசாமி ஏறி ஓடு மாற்றினார். துருத்தி பத்திரம். நாற்காலி அதே உயரத்தில் இருக்கிறது.

ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வந்தது. கனகராஜ் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். உங்களுக்குச் சர்க்கரை இல்லையே?

நூற்றாண்டு விழா அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
கிரேஸி


வேலூர்,
23 ஜூன் 1978

கிரேஸிக்கு,

சர்க்கரை இல்லை. வேறு எதுவும் இல்லை.

அழைப்பிதழைப் பார்த்தேன். "சுரக்கூட்டு அமைப்பு: செல்வி ஜெயபுஷ்பம்" என்று போட்டிருக்கிறது; மகனைப் பெற்றவளுக்குத் 'திருமதி' போடும் அளவுக்கு அச்சுக்காரர் யோசித்திருந்தால் நன்று. என் மகன் இதை ரசித்தான். அடுத்த வரியில் "ஆர்கன்: திருமதி கிரேஸி சுந்தர்ராஜ்" என்று பிழையில்லாமல் இருக்கிறது. உன் காலஞ்சென்ற கணவரின் பெயரில் வரும் புள்ளிகள்கூடச் சரியாக இருக்கின்றன. ஏப்ரலில் நான் கேட்டதற்கு ஜூனில் அச்சகத்தார் பதில் சொல்லியிருக்கிறார்கள். நல்லது.

கூட்டு அமைத்த பிரதியை அனுப்பியிருக்கிறேன். எழுதியபடி வாசி. சொந்தக் கைவண்ணம் வேண்டாம். மூன்றாம் வரியில் நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்கு வரும்போது இடது கை இறங்க வேண்டும். உனக்கு ஏறத்தான் தெரியும். கடைசியில் "நடத்து" என்பதற்கு ஐந்தாம் கூட்டும், "வீர்" என்பதற்கு த ஸ க-வும் எழுதியிருக்கிறேன். இது இசையமைத்தவரின் விருப்பம்; எனவே விளக்கம் தேவையில்லை.

ஜெயபுஷ்பம்


வேலூர்,
20 செப்டம்பர் 1978

அன்புள்ள கிரேஸிக்கு,

நலம். உன் நலத்தைப் பற்றி எழுது. ஜூனில் அனுப்பிய பிரதி கிடைத்ததா என்று ஒரு வரி எழுதவும் உனக்கு ஓய்வில்லை போலும். பாடகர் குழுவுக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், ஒத்திகை நடக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை.

நான் விழாவுக்கு வரவில்லை. கனகராஜுக்கு லீவு இல்லை. தனியாகப் பஸ்ஸில் வர எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் பள்ளிகொண்டாவில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விடுகிறான். முழங்காலுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

பாட்டின் கடைசிச் சொல்லில் உனக்கு ஏதாவது ஐயம் இருந்தால் கேள். கேட்டால் சொல்வேன். கேட்காதவர்களுக்கு நான் சொல்வதில்லை.

அக்கா ஜெயபுஷ்பம்


ஆம்பூர்,
26 செப்டம்பர் 1978
(தபால் அட்டை)

அக்காவுக்கு ஸ்தோத்திரம். சுகம். பிரதி ஜூன் மாதமே கிடைத்தது. ஐயம் ஒன்றும் இல்லை. எழுதியபடியே வாசிப்பேன். கிரேஸி.


ஆம்பூர்,
10 அக்டோபர் 1978

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு, நூறு வயதான சபையின் ஸ்தோத்திரங்கள்.

காலிரண்டும் வீங்கியிருக்கின்றன, மற்றபடி சுகம். உங்கள் கால் எப்படி இருக்கிறது?

முதலில் பழைய கதை. பிரதி வந்த வாரமே, கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த துரைசாமியைப் பெஞ்சுக்கு முன்னால் நிற்கவைத்துக் கடைசி வரியை வாசித்தேன். மனுஷர் பாதி குனிந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"இன்னாம்மா இது? உக்காரவா, நிக்கவா? குந்தப் போறவன் பின்னாலேந்து நாற்காலிய இஸ்த்துக்கின மாதிரி கீது."

இன்னொரு முறை வாசித்தேன்.

"வாணாம்மா. நூறாவது வருஷத்துல மானம் போய்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, பிப்ரவரியில் நீங்கள் எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்தேன். சபைப் பாட்டின் கடைசிச் சொல்லில் ஒருபோதும் வைக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். ஜூனில் வைத்திருந்தீர்கள். நான் இதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

எழுதியபடியே வாசித்தேன், அக்கா. "வீர்" என்பதில் த ஸ க. கோயில் கொள்ளாத கூட்டம். அத்தனை பேரும் உட்காரப் போனார்கள். பெஞ்சுகள் கிறீச்சென்றன. ஆனால் அந்தக் கூட்டில் எப்போது கையை எடுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லையே. எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். பாடகர் குழுவிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததால், அவர்கள் மெல்லிய குரலில், "நூறாண்டும் நடத்தினீர், இன்னும் நடத்துவீர்" என்று அதே வரியை மறுபடி எடுத்தார்கள். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். சபை முழுவதும் சேர்ந்துகொண்டது. அடுத்த வீட்டு வாசல் என்று தெரிந்துவிட்டால் நம் வீடு வரை இன்னும் கொஞ்சம் நடக்கத்தானே வேண்டும்? இரண்டாம் முறை முதலாவதை அழுத்தினேன். எல்லாரும் உட்கார்ந்த சத்தம் ஷாப்பில் தோல்கட்டு இறக்கியது போல இருந்தது.

போதகர் பிரசங்கத்தையே மாற்றிவிட்டார். "நூறு வருஷம் ஆயிடுச்சேன்னு உக்காரப் போனோம். இன்னும் நேரம் ஆகலைன்னு பாட்டே நம்மள நிக்க வச்சுடுச்சு, பார்த்தீங்களா? ஜெயபுஷ்பம் அம்மா வேலூர்ல இருந்துக்கிட்டே நமக்குப் பிரசங்கம் பண்ணிட்டாங்க!" என்றார். வந்தவர்கள் எல்லாரும் உங்களைப் பற்றித்தான் கேட்டார்கள். பூங்காவனம்கூட, "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றாள். உயர நாற்காலியின் விளிம்பில் வியர்த்து வழிந்தவள் நான், பேர் உங்களுக்கு. மறைப்பானேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. உங்களுக்கு இந்த மாதிரியெல்லாம் தோன்றாது.

நவம்பர் பத்தொன்பது அறுப்பின் பண்டிகை. அதே பாட்டை மறுபடி கேட்கிறார்கள். கட்டாயம் வாருங்கள். டிரைவர் டீ குடித்தால் குடிக்கட்டும்.

உங்கள் தங்கை,
கிரேஸி


ஆம்பூர்,
22 நவம்பர் 1978

பிரியமான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நல்லபடியாக வேலூர் போய்ச் சேர்ந்தீர்களா? வருகிறேன் என்று ஒரே ஒரு வரியை மட்டும் எழுதி நீங்கள் அட்டை போட்டபோது நான் நம்பவில்லை. வந்தீர்கள், சந்தோஷம். பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் எடுத்த பூசணிக்காயைப் பஸ்ஸில் மறந்துவிடவில்லையே?

போதகர் எல்லாருக்கும் முன்னால் உங்களுக்கு மாலை போட்டு, "அந்தக் கடைசி இடம் எப்படிம்மா தோணிச்சு உங்களுக்கு?" என்று கேட்டாரே. "எதுக்குத் தோணிச்சுங்கறது தாள்லயே இருக்கு, படிக்கத் தெரிஞ்சவங்க படிச்சுக்கலாம்" என்றீர்கள். அவர் அதைத் தாழ்மை என்று நினைத்துக் கைதட்டினார். நான் ஆர்கனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டில் ஆறாவதை அழுத்தினேன். இப்போது சபைக்கு அது பழகிவிட்டது, ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் நீங்கள் மட்டும் உட்கார்ந்தீர்கள். தொப்பென்று, பெஞ்சு அதிரும்படி. நீங்கள் உட்கார்ந்ததைப் பார்த்ததும் உங்கள் பின்னால் இருந்த கிழவிகள் நாலைந்து பேரும் உட்கார்ந்துவிட்டார்கள், பழைய பயம். பிறகு பாட்டு ஓடுவதைக் கேட்டு அவர்கள் அசடு வழிய எழுந்தார்கள். நீங்கள் எழவில்லை. எனக்குக் கை தடுமாறி, மறுபடி எடுத்த அந்த வரியில் இறங்க வேண்டிய இடது கை ஏறிவிட்டது.

ஏன் அக்கா? ஆறாம் கூட்டு உங்களுக்குத் தெரியாதா?

இன்னொன்று. பகல் விருந்துக்கு எல்லாரும் போன பிறகு நீங்கள் ஆர்கன் முன்னால் போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாகத் துரைசாமி சொன்னார். "ரொம்ப நேரம் குந்திக்கினு இருந்தாங்கம்மா. கைகூட வச்சாங்க. சத்தம்தான் வரலை" என்றார். அவர் காது வர வர மந்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரேஸி


வேலூர்,
27 நவம்பர் 1978

அன்புள்ள கிரேஸிக்கு,

நலம் என்று தொடங்குவது வழக்கம். இந்த முறை அதை விட்டுவிடுகிறேன். பூசணிக்காய் வந்து சேர்ந்தது; கூட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

ஆறாம் கூட்டு எனக்குத் தெரியும். ஏன் உட்கார்ந்தேன் என்று கேட்டிருக்கிறாய். முழங்கால் வலித்தது. அன்றைக்கு மட்டும் அல்ல.

துரைசாமியின் காதில் குறை இல்லை. மிதிக்காத ஆர்கனில் சத்தம் வராது. நான் அழுத்தியது முதலாம் கூட்டைத்தான்.

இரண்டாம் முறை கடைசி வரி வரும்போது ஐந்தாவதில் நீ வேண்டியதற்கு மேல் தாமதிக்கிறாய். கோயில் முழுவதும் உன் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்பது உனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் நான் அளவோடு பிடித்து வைத்தேன். குறைத்துக்கொள்.

சாவி உன்னிடமே இருக்கட்டும். நாற்காலியைத் திருகி உன் கால் எட்டும் அளவுக்கு இறக்கிக்கொள். விளிம்பில் உட்கார்ந்து வாசிக்கிறவள் என்றாவது ஒருநாள் விழத்தான் போகிறாள். முதலாவதை அழுத்துவதற்கு முன் நீ விழுந்துவைத்தால் அந்தச் சபை பாவம், உட்காரச் சொல்ல ஆளில்லாமல் நின்றுகொண்டே இருக்கும்.

அக்கா,
ஜெயபுஷ்பம்